ஒரே திருத்தம், இரண்டு இனிஷியல்

மார்ச் 23, 2020, திங்கள்

வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறும்போது நாலு நாள் துணிதான் எடுத்திருந்தேன். சனிக்கிழமை விடியக் கோவில்பட்டியில் இறங்கினேன். கொரோனாவுக்காக ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஊரடங்கு என்றார்கள். அதோடு ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். எப்போது திரும்பிப் போவது என்று சொல்ல ஆளில்லை.

வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் மூன்று கோடு. ஆகவே தொட்டி நிழல்தான் இனி ஆபீஸ். நிழல் நகர நகர நாற்காலியும் நகரும்.

இந்த ஊரில் ‘ஆபீஸ்’ என்ற சொல்லைப் பார்த்துப் புழங்க வேண்டும். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத்தான் இங்கே ஆபீஸ் என்று பெயர். குச்சி அடுக்கப் போகிற பெண்கள் ‘ஆபீசுக்குப் போறேன்’ என்பார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நான் ‘கம்பெனிக்கு’ப் போகிறவள். என் கம்பெனி சின்னது, பில் போடும் மென்பொருள் எழுதுகிறது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள். சுற்றிச் சுற்றி ஊருக்கே வந்து சேர்ந்த வேலை.

இந்த மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. இதுவரை கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. ஏப்ரல் 1 முதல் எல்லாத் தீப்பெட்டிக்கும் ஒரே 12. கைத்தொழில்காரர்களுக்கு ஏற்றம், மெஷின்காரர்களுக்கு இறக்கம். எங்களுக்கு இரண்டு வரி வேலை. புது வேலைகள் நடக்கிற டெவலப் கிளையில் விகிதக் கோப்பைத் திறந்து 5-ஐ 12 ஆக்கினேன், 18-ஐ 12 ஆக்கினேன், கமிட் போட்டுப் பதிவு செய்தேன். மாதக் கடைசிக்குள் வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டுமே, டெவலப் கிளையில் அரைகுறையாகக் கிடக்கும் மற்ற வேலைகள் கூடவே போய்விடக் கூடாதே என்று அந்த ஒரு கமிட்டை மட்டும் வாடிக்கையாளருக்குப் போகிற ரிலீஸ் கிளைக்குச் ‘செர்ரி பிக்’ செய்தேன். கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பறிக்கிற மாதிரி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மார்ச் 27, வெள்ளி

செவ்வாய் நள்ளிரவிலிருந்து நாடே பூட்டு. தெருவில் நாய்கள் மட்டும் நடமாடுகின்றன. மாடியிலிருந்து பார்த்தால் கதிரேசன் மலை பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது, லாரிப் புகை இல்லாததால்.

இன்றைக்கும் இரண்டு பழம் பறித்தேன். டீமில் எல்லாரும் பறிக்கிறார்கள். இந்த வாரத்தில் மட்டும் டெவலப்பிலிருந்து ரிலீஸுக்குப் போனது பதினொன்று. அதில் ஒன்று பைசா ரவுண்டிங் திருத்தம். ஒரு வாடிக்கையாளர் மொத்தத் தொகை இடிக்கிறது என்றார், உடனே ரிலீஸ் கிளையில் அதை ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கிவிட்டோம். டெவலப்பில் அப்படியே கிடக்கிறது. பிறகு பார்க்கலாம் என்றார் டீம் லீடு. நானும் சரி என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பதினொன்றும் இன்று திரும்பி வந்தன, வட்டியோடு.

டெவலப் கிளையை ரிலீஸ் கிளையோடு மெர்ஜ் செய்து ஒன்றாக்கச் சொன்னார்கள். கட்டளை கொடுத்துவிட்டு மோர் குடிக்கக் கீழே போனேன். வந்து பார்த்தால் ஒன்பது கோப்புகளில் கான்ஃப்ளிக்ட், இரண்டு கிளையும் ஒரே இடத்தில் மோதுகின்றன. முதல் கோப்பே என் விகிதக் கோப்பு. இடப்பக்க அம்பு ஏழு, கீழே ரிலீஸ் சொல்வது:

கைத்தீப்பெட்டி, 12

நடுவே சமக்குறி ஏழு. அதற்குக் கீழே டெவலப் சொல்வது:

கைத்தீப்பெட்டி, 12, 01-04-2020 முதல்

பிறகு வலப்பக்க அம்பு ஏழு. பன்னிரண்டும் பன்னிரண்டும் மோதிக்கொண்டு நிற்கின்றன. இரண்டும் நான் எழுதியது. என் கையெழுத்தோடு என் கையெழுத்து மல்லுக்கு நிற்பதைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். நான் பறித்துக்கொண்டு போன பிறகு, டெவலப் கிளையில் தம்பி ஒருவன் அதே வரியில் தேதியைச் சேர்த்திருக்கிறான். அவன் செய்தது சரி. மார்ச்சில் போன சரக்கு ஏப்ரலில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டுக்குப் பழைய விகிதம்தான் போட வேண்டும், தேதி இல்லாமல் முடியாது. தேதி சேர்த்த வரி என்னுடைய 12-லிருந்து பிறந்தது என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். இந்தக் கிளைகளையெல்லாம் வைத்துக் காக்கிற ‘கிட்’ கருவிக்குத் தெரியாது.

மெர்ஜ் செய்யும்போது கிட் இரண்டு கிளைகளின் கதையையும் ஒவ்வொரு கமிட்டாகப் படித்துப் பார்க்கும் என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். அது பார்ப்பது மூன்றே மூன்று தாள். இரண்டு கிளையும் பிரிந்த இடத்தில் இருந்த பொதுத் தாள், இந்தப் பக்கத்துக் கடைசித் தாள், அந்தப் பக்கத்துக் கடைசித் தாள். பொதுத் தாளில் 5. இங்கே 12. அங்கே 12-உம் தேதியும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் மாறியதை எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அட்சரம் பிசகாமல் ஒரே மாதிரி மாறியிருந்தாலும் பேசாமல் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பறித்து ஒட்டிய அன்று எதுவும் ஆவதில்லை. இரண்டு பக்கமும் மாறி, வேறு வேறாக மாறியிருந்தால்தான் கையைத் தூக்கிவிட்டு நம்மைக் கூப்பிடும். நடுவில் நடந்த பிறப்பு வளர்ப்பு அதன் கணக்கில் இல்லை.

ராத்திரி ஒன்பது மணி வரை நாலு கோப்பு முடித்தேன். மாடிச் சுவர் இன்னும் சுடுகிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

மீதி ஐந்து கோப்பு. ‘டிஃப்3’ அமைப்பைப் போட்டுக்கொண்டேன். மோதுகிற இரண்டுக்கும் நடுவே பொதுத் தாளில் என்ன இருந்தது என்பதையும் காட்டும். அது இல்லாமல் கான்ஃப்ளிக்ட் தீர்ப்பது, பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது.

வரலாற்றைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒரே செய்தி, ஒரே பெயர், ஒரே மாற்றம், இரண்டு இரண்டு தடவை. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஏழு ஜோடி. இது செர்ரி பிக் வேலை இல்லை. டீமில் ஒருவர் தன் கிளையை ரீபேஸ் செய்து, புது வரலாற்றை வலுக்கட்டாயமாக ஏற்றியிருக்கிறார். அதற்கு முன்பே அவருடைய பழைய கமிட்டுகளின் மேல் இன்னொருவர் தன் வேலையைக் கட்டியிருந்தார். பழையது அவர் வழியாக வந்தது, புதியது இவர் வழியாக வந்தது. ரீபேஸ் என்பது கமிட்டை இடம் மாற்றுவதில்லை. அதைப் பார்த்து இன்னொன்று எழுதுவது. பழையதை யாராவது கையில் வைத்திருந்தால் இரண்டும் உயிரோடு இருக்கும்.

சாயங்காலம் மெர்ஜ் முடிந்தது. பில்ட் ஓடியது. சோதனைகள் எல்லாம் பச்சை. மெசேஜ் போட்டுவிட்டுக் குளித்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பெரிய கோயிலில் செண்பகவல்லி அம்மனுக்குப் பங்குனித் திருவிழா நடக்கிற காலம். இந்த வருஷம் தேரும் இல்லை, ராட்டினமும் இல்லை. பிரதமர் சொன்னபடி ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் முழுக்க விளக்கை அணைத்து ஒன்பது நிமிஷம் அகல் ஏற்றினார்கள். அம்மா தீப்பெட்டியைத் தேடினாள். தீப்பெட்டி ஊரில், அன்றைக்குப் பார்த்து எங்கள் வீட்டில் தீப்பெட்டி இல்லை. பெரியப்பா வீட்டிலிருந்து வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கிட்டுக்கு இன்று பதினைந்து வயது. 2005 ஏப்ரல் 7 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் முதல் கமிட்டைப் போட்டார். லினக்ஸ் கெர்னலுக்கு அதுவரை பிட்கீப்பர் என்ற தனியார் கருவியை இலவசமாகப் புழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சலுகை பறிபோனது. லினஸ் சில நாளில் தானே ஒன்றை எழுதிவிட்டார். அந்த வருஷம் ஜூலையிலேயே பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்தார். இன்றைக்கும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

ஆயிரக்கணக்கானவர்கள் தனித்தனியே வேலை செய்து ஒன்றாகச் சேர்க்கத்தான் இது பிறந்தது. அப்படிப்பட்ட கருவி ஒரே திருத்தத்தை ஏன் அடையாளம் காண மாட்டேன் என்கிறது? மதியம் வெயிலில் தொட்டி நிழல் ஒரு முழமாகச் சுருங்கியபோது பதில் கிடைத்தது, ரேஷன் கார்டில்.

ரேஷன் வாங்க அப்பா கார்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் மாரியப்பன் நாலு பேர். குலசாமி பெயரை, தாத்தா பெயரை வைக்கிற ஊரில் அது அதிசயமில்லை. கடைக்காரர் ‘எந்த மாரியப்பன், இனிஷியல் சொல்லுங்க’ என்பார். க. மாரியப்பன் வேறு, சு. மாரியப்பன் வேறு. முகம் ஒன்றாக இருந்தாலும் அப்பன் வேறென்றால் ஆள் வேறு.

கிட்டும் அப்படித்தான். ஒவ்வொரு கமிட்டுக்கும் நாற்பது எழுத்து நீளத்தில் ஒரு பெயர் வைக்கிறது. எஸ்எச்ஏ-1 என்ற கணக்கில் பிழிந்தெடுத்த பெயர். அதைப் பிழிய எடுத்துக்கொள்ளும் சரக்கு: அந்த நேரத்துக் கோப்புகள் அனைத்தின் நிலை, எழுதியவர் பெயரும் நேரமும், சேர்த்தவர் பெயரும் நேரமும், செய்தி, பிறகு அதற்கு முந்தைய கமிட்டின் பெயர். கடைசியில் சொன்னதுதான் இனிஷியல். டெவலப்பில் என் கமிட்டுக்கு ஒரு தகப்பன். பறித்து ரிலீஸில் ஒட்டியதும் வேறு தகப்பன். எழுதிய நேரம் பழையபடியே இருக்கும்; சேர்த்த நேரம் மாறிவிடும். ஆக இரண்டும் வேறு வேறு ஆள். ரேஷன் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாதென்றால் கிட்டையும் சொல்ல முடியாது.

முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிற வழியும் வைத்திருக்கிறார்கள். ‘பேட்ச்-ஐடி’ என்று ஒன்று: வரி எண்ணையும் இடைவெளியையும் விட்டுவிட்டு மாற்றத்தை மட்டும் பிழிந்து பெயர் வைப்பது. ‘கிட் செர்ரி’ என்று கேட்டால் அதை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் இருக்கும் எந்தெந்தக் கமிட்டுக்கு அந்தப் பக்கம் நகல் இருக்கிறது என்று கழித்தல் குறி போட்டுக் காட்டும். ரீபேஸ் செய்யும்போதும் நகலைக் கண்டால் தாண்டிப் போகும். ஆனால் ஒட்டும்போது கான்ஃப்ளிக்ட் வந்து கையால் திருத்தினோமானால் முகமும் மாறிவிடும், பேட்ச்-ஐடி கைவிரித்துவிடும். மெர்ஜ் செய்யும்போது கிட் முகமும் பார்ப்பதில்லை. மூன்று தாள்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்றைக்கு நடந்ததை விவரமாக எழுதி வைக்க வேண்டும்.

பெரியப்பா காலையில் மாடிக்கு வந்தார். முப்பத்தொரு வருஷம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஒன்பது மணிக்குச் சட்டை போட்டுக்கொள்வார். ‘என்ன தாயி, எங்க ஆபீசு பில்லெல்லாம் இதுக்குள்ளயா இருக்கு?’ என்றார். காட்டுகிறேன் என்று ஒரு சோதனை பில் போட்டேன். வடக்கே போகிற சரக்கு, ஐஜிஎஸ்டி 12. மூன்று லேபிள் சரக்கு, ஒவ்வொன்றும் 1,304 ரூபாய்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

‘வரி 468-னு போட்டிருக்கு. 469-ல வரணும்?’

கால்குலேட்டரை எடுத்தேன். 3,912 ரூபாய்க்கு 12 சதவீதம் 469 ரூபாய் 44 பைசா. முழு ரூபாயாக்கினால் 469. மென்பொருள் ஒவ்வொரு வரிசையிலும் 156.48-ஐ 156 ஆக்கிவிட்டு மூன்றையும் கூட்டியிருக்கிறது, 468. மார்ச் 27 அன்று ரிலீஸ் கிளையில் ரிவர்ட் செய்து குழிதோண்டிப் புதைத்த அதே ரவுண்டிங்.

மறுபடி எப்படி வந்தது? கான்ஃப்ளிக்ட் வந்த ஒன்பது கோப்பில் இது இல்லை. மூன்று தாளை எடுத்து வைத்துப் பார்த்தேன். பொதுத் தாளில் பழைய ரவுண்டிங். ரிலீஸில் பறித்து ஒட்டி, பிறகு ரிவர்ட் செய்ததால் மறுபடி பழைய ரவுண்டிங். டெவலப்பில் புது ரவுண்டிங். கிட்டின் கண்ணுக்கு ரிலீஸ் பக்கம் எதுவுமே நடக்கவில்லை. டெவலப் பக்கம் மட்டும் மாறியிருக்கிறது. மாறியதை எடுத்துக்கொண்டது. ஒரு சத்தம் இல்லை, ஒரு அம்புக்குறி இல்லை. வாடிக்கையாளர் கத்தியது, நாங்கள் பின்வாங்கியது, எதற்கும் அந்த மூன்று தாளில் தடயம் கிடையாது.

ஒன்பது கோப்பு மோதியபோது கிட்டைத் திட்டித் தீர்த்தேன். அவை மோதியதால்தான் உட்கார்ந்து பார்த்தேன். மோதாமல் நுழைந்தது இந்த ஒரு ரூபாய். இன்றைய தேதிக்கு ஒரு தீப்பெட்டியின் விலை. ஆபீஸ்கள் பூட்டிக் கிடப்பதால் இந்தக் கணக்கில் நிஜமான பில் எதுவும் வெளியே போகவில்லை. சோதனைகள் பச்சை காட்டியதற்கும் காரணம் தெரிந்துவிட்டது: ரவுண்டிங் சோதனையும் டெவலப்பில் புதுக் கணக்குக்கு ஏற்றபடி மாற்றப்பட்டு, தப்போடு கைகோத்துக்கொண்டு வந்திருக்கிறது.

பெரியப்பாவிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல், ‘ஒரே விஷயத்த ரெண்டு நோட்டுல எழுதிட்டோம் பெரியப்பா, ஒண்ணுல அடிச்சுட்டு இன்னொண்ணுல அடிக்கல’ என்றேன்.

‘அட, இதுக்கா இவ்வளவு நேரம்?’ என்று படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் ஆபீஸில் இரண்டு புத்தகம். நடந்தது நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. ஒரே தொகை இரண்டிலும் இருந்தே தீரும். ‘பேரேட்டுல ஏத்துனா பக்கத்துல நாள்வழிப் பக்க நம்பரு போடணும். போடாம ஏத்துனா அது எங்கேருந்து வந்துச்சுன்னு ஆறு மாசம் கழிச்சு எழுதுனவனுக்கே தெரியாது.’ ஒரு தடவை, அவர் லீவில் இருந்தபோது, பார்சல் ஆபீஸ் சலானைப் பார்த்து ஒருவரும் பில் புத்தகத்தைப் பார்த்து ஒருவரும் ஒரே லோடைப் பேரேட்டில் ஏற்றிவிட்டார்களாம். வடக்கே இருந்த வியாபாரி தலையில் இரண்டு லோடுக்குப் பற்று. பிறகு அந்த ஆள் பாதிச் சரக்கு நமத்துப்போச்சு என்று தள்ளுபடி கேட்டதை ஒரு பதிவில் மட்டும் கழித்திருக்கிறார்கள். ‘அப்புறம் ரெண்டு தொகையும் வேற வேறயாப் போச்சா, ரெண்டும் ஒரே லோடுதான்னு எவனும் நம்ப மாட்டேங்கான்.’

அதே கதைதான், அட்சரம் மாறாமல். நகல் எடுத்த அன்றைக்கு இரண்டும் ஒரே தொகை. ஒன்றில் கை வைத்த பிறகுதான் வில்லங்கம்.

பக்க நம்பர் போடுகிற வசதி கிட்டிலும் இருக்கிறது. செர்ரி பிக் கட்டளையோடு ‘மைனஸ் எக்ஸ்’ என்று சேர்த்தால், இன்ன கமிட்டிலிருந்து பறித்தது என்று மூலத்தின் பெயரைச் செய்தியிலேயே எழுதிவிடும். பதினொன்றில் ஒன்றுக்குக்கூட நாங்கள் போடவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் ரவுண்டிங்கை ஒழித்தேன், இந்தத் தடவை டெவலப்பில் ரிவர்ட் செய்து ரிலீஸுக்கு மெர்ஜ் செய்தேன்.

பிறகு டீமோடு வீடியோவில் ஒரு மணி நேரம். குயில் ஒன்று விடாமல் கூவியதில் என் மைக்கை அணைக்கச் சொன்னார்கள். இனிமேல் செர்ரி பிக்கே கூடாது என்றார் ஒருவர். எனக்கு அதில் சம்மதமில்லை. லினக்ஸ் கெர்னல்காரர்கள் நிலையான பதிப்புகளுக்குத் திருத்தத்தைப் பறித்துத்தான் கொண்டுபோகிறார்கள். ஆனால் அவர்களுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. திருத்தம் முதலில் மூலக் கிளையில் இருக்க வேண்டும். பறித்த கமிட்டின் செய்தியில் மூலக் கமிட்டின் பெயர் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நிலையான கிளை மூலக் கிளையோடு திரும்ப வந்து சேர்வதே இல்லை. கட்டிக் கொடுத்த பெண் மாதிரி போனது போனதுதான். (அம்மா இந்த உவமையைப் படித்தால் திட்டுவாள்.) எங்கள் கிளைகள் மாதத்துக்கு ஒரு தடவை சேர்கின்றன. சேரப் போகிற கிளைகளுக்கு நடுவே நகல் எடுப்பதில்தான் கோளாறு.

அதற்கு வழி புதிதும் இல்லை. பல கிளைக்கு வேண்டிய திருத்தத்தை, அது தேவைப்படும் கிளைகளிலேயே பழைய கிளையில் போட்டு, அங்கிருந்து மேலே மேலே மெர்ஜ் செய்துகொண்டு போ என்று கிட்டோடு வரும் கையேடே சொல்கிறது. மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2018-இல் செர்ரி பிக்கை நிறுத்திவிட்டு மெர்ஜ் செய்யச் சொல்லி ஒரு தொடரே எழுதினார். இரண்டு கிளையும் பிரிந்த இடத்துக்குப் போய் அங்கே ஒரு சின்னக் கிளை வெட்டு, திருத்தத்தை அதில் போடு, அந்தச் சின்னக் கிளையை இரண்டு பக்கமும் மெர்ஜ் செய். திருத்தம் ஒன்று, தகப்பன் ஒன்று, பெயர் ஒன்று. இரண்டு கிளைக்கும் அதுவே புதிய பொது முன்னோர்.

என் விகிதக் கோப்பை வைத்துக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் பொதுத் தாளில் 5 இருக்காது, 12 இருக்கும். ரிலீஸில் 12, டெவலப்பில் 12-உம் தேதியும். ஒரு பக்கம்தான் மாறியிருக்கிறது, சண்டையில்லை. ரவுண்டிங்கையும் போட்டுப் பார்த்தேன். பொதுத் தாளில் புது ரவுண்டிங், டெவலப்பில் புது ரவுண்டிங், ரிலீஸில் ரிவர்ட் ஆன பழசு. மாறியது ரிலீஸ், ஆகவே ரிவர்ட் நிற்கும். இரண்டு நோயும் ஒரே மருந்தில் தீர்வதைப் பார்த்தபோது, இதை மூன்று வாரம் முன்னால் யோசிக்காததற்கு என்னையே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

முதல் சோதனை உடனே வந்தது. ஊரடங்கில் லாரிகள் வழியில் நிற்கின்றன. சரக்கோடு போக வேண்டிய ஈ-வே பில் காலாவதியாகிறது. மார்ச் 20-லிருந்து ஏப்ரல் 15 வரை காலாவதியாகும் பில்கள் ஏப்ரல் 30 வரை செல்லும் என்று அரசு 3-ஆம் தேதி அறிவித்திருக்கிறது. எங்கள் மென்பொருளோ சிவப்பில் ‘காலாவதி’ என்று கத்திக்கொண்டிருக்கிறது. ‘மெர்ஜ்-பேஸ்’ கட்டளையைக் கொடுத்துப் பொது முன்னோரைக் கேட்டேன், அங்கே கிளை வெட்டினேன், நாலு வரி எழுதினேன், இரண்டு பக்கமும் சேர்த்தேன். செர்ரி பிக் செய்வதைவிட ஐந்து நிமிஷம் கூடுதல்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி. லீவு.

ஏப்ரல் 21, செவ்வாய்

சாயங்காலம் அப்பாவோடு காட்டுக்குப் போனேன். மக்காச்சோளம் எப்போதோ முடிந்தது. தட்டை மட்டும் நிற்கிறது. ஓரத்தில் போட்ட பருத்தியில் கடைசி எடுப்பும் ஆகி, மார் பிடுங்க ஆள் வராமல் கிடக்கிறது. கரிசல் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. வெடிப்பில் கையை விட்டால் முழங்கைவரை போகிறது; உள்ளே இன்னும் ஈரக் குளிர்ச்சி. ஒரு கோடை மழை பெய்தால் உழுதுவிடலாம் என்று அப்பா மேற்கே பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கேயும் சிக்னல் மூன்று கோடு காட்டியது, அதைச் சொன்னதற்கு முறைத்தார்.

டெவலப் கிளையில் தம்பி ஈ-வே பில் வரிகளில் மறுபடி கை வைத்திருக்கிறான். தேதியை நிரலுக்குள் எழுதாமல் அமைப்புக் கோப்புக்கு மாற்றியிருக்கிறான். நான் போட்ட நாலு வரியில் மூன்று அடியோடு மாறிவிட்டது. பழைய முறையாக இருந்தால் மாதக் கடைசியில் நிச்சயம் ஒரு மல்லுக்கட்டு.

ஏப்ரல் 30, வியாழன்

மாத மெர்ஜ். கட்டளை கொடுத்துவிட்டு இந்தத் தடவை மோர் குடிக்கப் போகவில்லை, உட்கார்ந்தே பார்த்தேன். ஈ-வே பில் கோப்பு சத்தமில்லாமல் சேர்ந்தது. சத்தமில்லாமல் சேர்வதை இப்போதெல்லாம் நம்புவதில்லை. திறந்து வரிவரியாகப் படித்தேன். தம்பி எழுதியதுதான் இருந்தது, சரியாக. பெரியப்பாவைக் கூப்பிட்டு மூன்று லேபிள், 1,304 ரூபாய் பில்லைப் போட்டுக் காட்டினேன். ‘469’ என்று வாசித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு இன்று புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதே கடலை, அதே மண்டவெல்லம், அதே பாகு என்று இந்த வட்டாரத்துக்கு வெளியே எங்கே செய்தாலும் இனி அந்தப் பெயரைப் போட முடியாது. கிட்டும் இதையே சொல்லி என்னை ஒரு மாதம் படுத்தியது என்பதால் எனக்குச் செய்தி உடனே புரிந்தது. பெரியப்பா, கடை திறந்ததும் ஒரு பாக்கெட் வாங்கி வரச் சொன்னார்.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மிட்டாய் வாடிக்கையாளரிடமிருந்து மெசேஜ்: பில்லில் சரக்கின் பெயருக்குக் கீழே ‘புவிசார் குறியீடு பெற்றது’ என்று அச்சாக வேண்டும், ரிலீஸிலும் வேண்டும், அடுத்த பதிப்பிலும் வேண்டும். பொது முன்னோரிலிருந்து கிளை வெட்டி வைத்துவிட்டேன். மிச்சம் நாளைக்கு.